பிலிப்பைன்ஸ் அரசியல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளும் நேரான பதில்களும்

பிலிப்பைன்ஸ் பற்றிப் பேச்செடுத்தால் வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. மார்கோஸ், டுடெர்டே, வெளிநாட்டில் வேலை செய்யும் செவிலியர்கள், புயல், சீனா. எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் இருக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். நான் நடுநிலையாளன் இல்லை. அந்த நாட்டின் முன்னேற்றத்துக்குக் குறுக்கே நிற்பது அதன் மக்கள் இல்லை, பதவியைத் தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே கைமாற்றிக்கொள்ளும் குடும்பங்கள்தான் என்பது என் உறுதியான கருத்து. கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்த இடத்தில் நின்று சொல்லப்பட்டவை.

பிலிப்பைன்ஸ் அரசியல் தமிழ் வாசகருக்கு எதற்கு?

தமிழ்நாட்டிலிருந்து ஏராளமான பிள்ளைகள் மருத்துவம் படிக்க அங்கே போகிறார்கள், அதிலும் டாவோ நகரத்துக்கு. பெற்றோர் பலருக்குத் தெரிந்த பிலிப்பைன்ஸ் அந்த ஒரு நகரம்தான். 2022 ஜனவரியில் இந்தியாவிடமிருந்து பிரமோஸ் ஏவுகணைகளை வாங்க ஏறக்குறைய 37.5 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்ட நாடும் அதுதான். ஆனால் இந்தத் தொடர்புகள் ஒன்றுமே இல்லாவிட்டாலும் கவனிக்கலாம். 11 கோடிக்கு மேல் மக்கள் உள்ள, பேச்சுச் சுதந்திரத்தை மிகவும் நேசிக்கிற ஒரு ஜனநாயகம், தேர்தலைத் தவறாமல் நடத்திக்கொண்டே எப்படிச் சில குடும்பங்களின் கைக்குள் சிக்கிக்கிடக்க முடியும் என்பதை அங்கே பார்க்கலாம்.

மக்கள் சோம்பேறிகள், ஒழுங்கில்லாதவர்கள், அதனால்தான் நாடு முன்னேறவில்லை என்கிறார்களே?

இதை வெளிநாட்டவர் மட்டும் சொல்வதில்லை. பிலிப்பினோக்களே, அதிலும் படித்தவர்களே, நிறையச் சொல்கிறார்கள். எனக்கு இதைக் கேட்டால் கோபம் வருகிறது.

ஸ்பானியர்கள் ஆண்ட காலத்திலேயே இந்தப் பழி இருந்தது. எழுத்தாளர் ஹோசே ரிசால் 1890-இலேயே இதற்கு நீளமாகப் பதில் எழுதிவிட்டார். உழைப்பின் பலனை அடுத்தவன் எடுத்துக்கொண்டு போகிற இடத்தில் உழைக்கும் ஆசை எங்கிருந்து வரும் என்பதுதான் அவருடைய வாதத்தின் சாரம். அவரை ஸ்பானியர்கள் 1896 டிசம்பர் 30 அன்று சுட்டுக் கொன்றார்கள்.

இன்றைக்கு அதே மக்கள் உலகத்தின் சரக்குக் கப்பல்களை ஓட்டுகிறார்கள். அமெரிக்கா, பிரிட்டன், வளைகுடா என்று எங்கே போனாலும் மருத்துவமனைகளைத் தாங்கிப் பிடிக்கிற செவிலியர்களில் அவர்கள் இருக்கிறார்கள். கால் சென்டர்களில் இரவு முழுக்கக் கண்விழித்து அமெரிக்கரின் புகாரைப் பொறுமையாகக் கேட்கிறார்கள். ஊரில் சோம்பேறியாக இருந்தவர் விமானம் ஏறியதும் உழைப்பாளியாக மாறிவிடுகிறாரா? மாறுவது மனிதர் இல்லை, அவரைச் சுற்றியுள்ள ஏற்பாடு.

சரி, அந்த ஏற்பாட்டை உண்டாக்கியது யார்?

வேர் நிலத்தில் இருக்கிறது. 1565 முதல் 1898 வரை ஸ்பெயின் ஆண்டபோது பெரும் பண்ணைகள் உருவாயின. அடுத்து வந்த அமெரிக்கர்கள் தேர்தலைக் கொண்டுவந்தார்கள், ஆனால் நிலத்தைத் தொடவில்லை. 1907-இல் நடந்த முதல் சட்டசபைத் தேர்தலில் சொத்தோ படிப்போ பழைய பதவியோ இருந்த ஆண்களுக்கு மட்டும்தான் ஓட்டு. ஆகவே பண்ணையார் வீட்டுப் பிள்ளையே மக்கள் பிரதிநிதியாகவும் ஆனார். 1946-இல் சுதந்திரம் வந்தபோது அந்த வீடுகளின் கையில் நிலம், கட்சி, சட்டமன்றம் மூன்றும் இருந்தன.

நிலச் சீர்திருத்தம் ஏன் இழுத்துக்கொண்டே போனது என்பதற்கு டார்லாக் மாகாணத்தின் லுயிசிட்டா கரும்புப் பண்ணையைப் பார்த்தால் போதும். 6,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட அந்தப் பண்ணை, மக்கள் எழுச்சியால் அதிபரான கொராசோன் அகினோவின் பிறந்த வீட்டாருடையது. அவர் பதவியேற்று ஓராண்டுகூட ஆகவில்லை, 1987 ஜனவரி 22 அன்று நிலம் கேட்டு மணிலாவின் மெண்டியோலா பாலத்துக்கு வந்த விவசாயிகள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து 13 பேர் இறந்தார்கள். 1988-இல் நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. அதிலேயே நிலத்துக்குப் பதிலாகப் பங்குப் பத்திரம் கொடுக்கலாம் என்று ஒரு வழியும் இருந்தது; லுயிசிட்டா அந்த வழியில் போனது. 2004-இல் அங்கே வேலைநிறுத்தத்தில் ஏழு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நிலத்தைப் பிரித்துக் கொடுத்தே ஆகவேண்டும் என்ற உச்ச நீதிமன்றத்தின் இறுதி உத்தரவு 2012-இல்தான் வந்தது. சர்வாதிகாரியை எதிர்த்து நின்ற நல்ல தலைவரின் வீட்டிலேயே நிலைமை இதுவென்றால் மற்ற வீடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

வாரிசு அரசியலுக்கு அரசமைப்புச் சட்டத்திலேயே தடை இருக்கிறதாமே?

இருக்கிறது. 1987 அரசமைப்புச் சட்டத்தின் 2-ஆம் அதிகாரம், 26-ஆம் பிரிவு. பொதுப்பணிக்கான வாய்ப்பு எல்லாருக்கும் சமமாகக் கிடைப்பதை அரசு உறுதி செய்ய வேண்டும், அரசியல் வாரிசுக் குடும்பங்களைத் தடை செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. கூடவே, 'சட்டம் வரையறுக்கும் விதத்தில்' என்றும் சேர்த்துவிட்டார்கள். அந்த வரையறையை எழுத வேண்டியது காங்கிரஸ், அதாவது அந்த நாட்டின் நாடாளுமன்றம். காங்கிரசில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலானோர் வாரிசுக் குடும்பத்தார். தேர்வு எழுதுகிறவரிடமே வினாத்தாள் தயாரிக்கும் வேலையையும் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. கிட்டத்தட்ட 40 வருடமாக அந்த வினாத்தாள் வரவில்லை.

மசோதாக்கள் வராமல் இல்லை. ஒவ்வொரு காங்கிரசிலும் யாராவது ஒருவர் கொண்டுவருவார், குழுவிலேயே தூங்கிவிடும். 2014-இல் முதல் முறையாக ஒரு மசோதா கீழ்சபையின் முழு அமர்வு வரை போனது, வாக்கெடுப்பு வரை போகவில்லை. நிறைவேறியது ஒரே ஒரு சிறிய இடத்தில்தான்: கிராம அளவிலான இளைஞர் மன்றங்களுக்கான சட்டத்தில், பதவியில் இருப்பவரின் நெருங்கிய உறவினர் போட்டியிடக் கூடாது என்ற விதி வந்தது. பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு விதித்த கட்டுப்பாட்டைத் தங்களுக்கு விதித்துக்கொள்ள அந்தச் சபைக்கு இன்னும் மனம் வரவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதே அரசமைப்புச் சட்டம் பதவிக்காலத்துக்கு வரம்பு வைத்தது. அதிபருக்கு ஒரே ஒரு ஆறு ஆண்டுக் காலம், கீழ்சபை உறுப்பினருக்குத் தொடர்ந்து மூன்று முறை. நோக்கம் நல்லது. ஆனால் வாரிசுத் தடை இல்லாமல் இந்த வரம்பு மட்டும் வந்ததால் குடும்பங்கள் பெருத்தன. அப்பாவுக்குக் காலம் முடிந்தால் மனைவி நிற்பார், அப்பா மேயர் ஆவார், மகன் கவுன்சிலுக்கு வருவார். முன்பு ஒருவர் ஒரு நாற்காலியில் இருந்தார். இப்போது குடும்பத்துக்கு நாலு நாற்காலி. 2025 மே தேர்தலுக்குப் பிறகு 24 பேர் கொண்ட செனட்டில் நான்கு ஜோடி உடன்பிறப்புகள் உட்கார்ந்திருக்கிறார்கள்: வில்லார், கயெட்டானோ, டுல்ஃபோ வீடுகளிலிருந்து தலா இருவர், முன்னாள் அதிபர் எஸ்ட்ராடாவின் மகன்கள் இருவர். நாடு முழுவதற்குமான மேல்சபையில் மூன்றில் ஒரு பங்கு நான்கே குடும்பங்களிடம்!

வாரிசாக இருந்தால் என்ன? மக்கள்தானே ஓட்டுப் போடுகிறார்கள்?

இந்தக் கேள்விக்கு மட்டும் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் நேர்மையாகக் கேட்பவர்களும் இதைக் கேட்கிறார்கள்.

ஒரு ஏழைக் குடும்பத்தில் ஒருவருக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அரசுக் காப்பீடு செலவு முழுவதையும் அடைக்காமல் போகலாம். மீதிக்கு என்ன செய்வார்கள்? மருத்துவமனை பில்லை எடுத்துக்கொண்டு எம்.பி. அலுவலகத்துக்கு, மேயர் அலுவலகத்துக்கு, செனட்டர் அலுவலகத்துக்கு வரிசையில் நிற்பார்கள். அங்கே 'உத்தரவாதக் கடிதம்' கொடுப்பார்கள். இந்தத் தொகையை அரசு கட்டும் என்று மருத்துவமனைக்குச் சொல்லும் கடிதம் அது. பணம் அரசாங்கத்தின் பணம், அதாவது அந்த நோயாளியும் கட்டிய வரி. ஆனால் கையில் கடிதம் தருபவர் அரசியல்வாதி. உயிர் பிழைத்த குடும்பம் யாருக்கு நன்றி சொல்லும்? தேர்தல் நாளில் யாருக்கு ஓட்டுப் போடும்? அந்த வாக்காளரை நான் குறை சொல்லவே மாட்டேன். அவர் நிலையில் நானும் அதைத்தான் செய்வேன்.

2025 வரவுசெலவுத் திட்டத்தில் குறைந்த வருமானக்காரர்களுக்கான ஒரு ரொக்க உதவித் திட்டத்துக்கு மட்டும் 2,600 கோடி பெசோ ஒதுக்கினார்கள். தேர்தல் ஆண்டு அது. இந்த உதவிகளை விதிப்படி, தகுதிப்படி நேராக வங்கிக் கணக்குக்கு அனுப்பினால் அரசியல்வாதிக்கு அங்கே வேலையே இல்லை. அதனால்தான் அப்படி அனுப்ப விடுவதில்லை. அட்டெனியோ பல்கலைக்கழகப் பொருளாதார ஆய்வாளர்கள், மணிலா இருக்கும் லூசோன் தீவுக்கு வெளியே உள்ள மாகாணங்களில் வாரிசுக் குடும்பங்கள் பெருத்திருப்பதற்கும் வறுமை ஆழமாவதற்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியிருக்கிறார்கள். அங்கே குடும்பத்துக்கு எதிராக நிற்கும் பத்திரிகையும் குறைவு, தனியார் தொழிலும் குறைவு.

குறைவு என்று மெல்லச் சொல்கிறேன், எதிர்த்தால் என்ன ஆகும் என்பதும் பதிவாகியிருக்கிறது. 2009 நவம்பர் 23 அன்று மகிந்தனாவோ மாகாணத்தில், ஆளுநர் பதவிக்குப் போட்டியிட வேட்புமனு தாக்கல் செய்யப் போன ஒரு அணியையும் கூடப் போன பத்திரிகையாளர்களையும் மறித்து 58 பேரைக் கொன்றார்கள். அவர்களில் 32 பேர் பத்திரிகைத் துறையினர். அந்த மாகாணத்தை ஆண்ட அம்பாட்டுவான் குடும்பத்தின் முக்கிய ஆட்களுக்குத் தண்டனை கிடைக்கப் பத்து ஆண்டுகள் ஆயின.

பெரிய மார்கோஸ் காலம் பொற்காலம் என்கிறார்களே?

இல்லை. ஃபெர்டினாண்ட் மார்கோஸ் 1965-இல் தேர்தலில் வென்று வந்தார். 1972 செப்டம்பரில் ராணுவச் சட்டம் கொண்டுவந்து காங்கிரசைப் பூட்டினார், பத்திரிகைகளை மூடினார். சுமார் 70,000 பேர் சிறையில் அடைக்கப்பட்டார்கள், 3,000-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள் என்பது மனித உரிமை அமைப்புகள் தரும் கணக்கு. இதை எதிர்க்கட்சிப் பிரச்சாரம் என்று தள்ளுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: 2013-இல் அந்த நாட்டு அரசே சட்டம் போட்டு, விசாரித்து, 11,103 பேரைப் பாதிக்கப்பட்டவர்கள் என்று பெயர் பெயராக அங்கீகரித்தது. அவர்களுக்கு இழப்பீடாக வைத்த 1,000 கோடி பெசோ, சுவிஸ் வங்கியிலிருந்து மீட்ட மார்கோஸின் பணத்திலிருந்தே வந்தது.

பொருளாதாரத்தில் சாதித்தாரா என்றால், 1984, 1985 இரண்டு ஆண்டுகளிலும் நாட்டின் பொருளாதாரம் ஆண்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது. அவர் ஓடிப்போனபோது வெளிநாட்டுக் கடன் 2,600 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. பட்டானில் 200 கோடி டாலருக்கு மேல் செலவழித்து ஓர் அணுமின் நிலையம் கட்டினார்கள். இன்று வரை ஒரு யூனிட் மின்சாரம் அதிலிருந்து வரவில்லை. அதன் கடனை மட்டும் மக்கள் 2007 வரை கட்டினார்கள். 2003-இல் உச்ச நீதிமன்றம் மார்கோஸ் தம்பதியின் சட்டப்படியான மொத்தச் சம்பளம் ஏறக்குறைய 3 லட்சம் டாலர் என்று கணக்குப் போட்டு, சுவிஸ் கணக்கில் இருந்த 65 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகை திருட்டுச் சொத்து என்று பறிமுதல் செய்தது. சாலை போட்டார், மருத்துவமனை கட்டினார் என்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

அப்புறம் எப்படி அவர் மகன் 2022 அதிபர் தேர்தலில் 3.1 கோடி ஓட்டு வாங்கி வென்றார்?

பொய்ச் செய்திகளால் என்பது பாதி பதில். ஃபேஸ்புக்கிலும் யூடியூபிலும் டிக்டாக்கிலும் பல ஆண்டுகளாக ஒரு கற்பனை வரலாறு ஓட்டப்பட்டது உண்மை. அந்தப் பிரச்சார இயந்திரத்தை அம்பலப்படுத்திய பத்திரிகையாளர் மரியா ரெஸ்ஸாவுக்கு 2021-இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது, சொந்த நாட்டிலோ வழக்குமேல் வழக்கு போட்டார்கள்.

மீதிப் பாதி கசப்பானது. 1986 பிப்ரவரியில் எட்சா சாலையில் லட்சக்கணக்கானோர் டாங்கிகள் முன்னால் நின்று ஒரு சர்வாதிகாரியை விரட்டினார்கள். உலகமே வியந்தது. ஆனால் அதற்குப் பின் வந்த ஆட்சிகள் பழைய குடும்பங்களைத்தான் திரும்பக் கொண்டுவந்தன. எஸ்ட்ராடா மீது ஊழல், 2001-இல் துரத்தப்பட்டார், 2007-இல் தண்டனை, உடனே மன்னிப்பு, 2013-இல் மணிலா மேயர்! அவருக்குப் பின் அதிபரான அரோயோவின் ஆட்சியில் தேர்தல் ஆணைய அதிகாரியோடு அவர் பேசிய தொலைபேசி உரையாடல் வெளியாகி நாடே கொதித்தது, பதவியில் நீடித்தார். எட்சாவின் பலன் தன் வீட்டுக்கு வரவில்லை என்று ஒரு மீனவரோ சுமைதூக்குபவரோ நினைத்தால் அதில் தப்பே இல்லை. அந்த ஏமாற்றத்தின் மீதுதான் பொய்கள் எளிதாக முளைத்தன. மார்கோஸ் மகனை எதிர்த்து நின்ற லெனி ரொப்ரெடோவின் பிரச்சாரத்துக்கு வந்த கூட்டமும் தன்னார்வலர்களின் உழைப்பும் மனதைத் தொட்டவை. ஆனாலும் அவருக்குக் கிடைத்தது சுமார் ஒன்றரைக் கோடி ஓட்டு. வடக்கில் மார்கோஸ் வீடும் தெற்கில் டுடெர்டே வீடும் கைகோத்த பிறகு அதை மீறுவது மிகக் கடினம்.

டுடெர்டே கண்டிப்பானவர், டாவோவைப் பாதுகாப்பான ஊராக்கியவர் என்று அங்கே படித்த பிள்ளைகள் சொல்கிறார்களே?

மாணவர்கள் பார்த்தது பொய்யில்லை. ஊர் சுத்தமாக இருக்கும், டாக்சிக்காரர் மீதிச் சில்லறையைத் திருப்பித் தருவார், இரவில் பயமில்லாமல் நடக்கலாம். ஆனால் ஒரு நகரத்தின் பாதுகாப்பை அங்கே வந்து போகிறவரின் கண்ணால் மட்டும் அளக்க முடியாது. சேரிப் பையனின் தாயிடமும் கேட்க வேண்டும்.

2016-இல் அதிபரானதும் அவர் நாடு முழுவதும் போதைப்பொருள் மீது போர் தொடுத்தார். காவல்துறையின் சொந்தக் கணக்கிலேயே 6,200-க்கும் மேற்பட்டோர் அவர்களுடைய நடவடிக்கைகளில் செத்தார்கள். முகமூடி ஆட்கள் சுட்டதையும் சேர்த்தால் எண்ணிக்கை அதைவிடப் பல மடங்கு என்கின்றன மனித உரிமை அமைப்புகள். செத்தவர்கள் பெரும்பாலும் ஏழைகள். 2017 ஆகஸ்டில் கலோகான் நகரில் 17 வயதுப் பள்ளி மாணவன் ஒருவனைச் சுட்டுவிட்டு, அவன்தான் முதலில் சுட்டான் என்றது போலீஸ். கண்காணிப்புக் கேமராவில் அவனைப் போலீசார் இழுத்துக்கொண்டு போவது பதிவாகியிருந்தது. மூன்று போலீசாருக்குத் தண்டனை கிடைத்தது. கேமரா இல்லாத சந்துகளில் செத்தவர்களுக்கு யார் பொறுப்பு?

இதைத் தட்டிக்கேட்ட செனட்டர் லைலா டி லிமாவைப் போதை வழக்கில் உள்ளே தள்ளினார்கள். 2017 பிப்ரவரி முதல் 2023 நவம்பர் வரை சிறை. கடைசியில் குற்றமற்றவர் என்று தீர்ப்பு. அந்த ஆறரை வருடத்தை யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

2025 மார்ச் 11 அன்று டுடெர்டே மணிலா விமான நிலையத்தில் கைதாகி ஹேக் நகரின் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்திடம் ஒப்படைக்கப்பட்டார். நான் அதை வரவேற்கிறேன். மார்கோஸ் வீட்டுக்கும் டுடெர்டே வீட்டுக்கும் சண்டை வந்ததால்தான் இது நடந்தது என்பதும் உண்மைதான். அதற்காக நீதி வேண்டாம் என்று சொல்ல முடியாது, அந்தத் தாய்மாருக்குக் கிடைத்திருக்கும் முதல் கதவு அது. இரண்டு மாதம் கழித்து, சிறையில் இருந்தபடியே அவர் டாவோ மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒரு மகன் துணை மேயர், இன்னொரு மகன் எம்.பி., ஒரு பேரன் எம்.பி., மகள் சாரா நாட்டின் துணை அதிபர். மேலே சொன்ன 26-ஆம் பிரிவு இதற்காகத்தான் எழுதப்பட்டது.

சீனாவோடு நடக்கும் கடல் தகராறில் யார் பக்கம் நியாயம்?

பிலிப்பைன்ஸ் பக்கம். 2016 ஜூலை 12 அன்று ஹேக் நடுவர் மன்றம் தென்சீனக் கடலின் பெரும்பகுதி தனதே என்று காட்டும் சீனாவின் ஒன்பது கோட்டு வரைபடத்துக்குச் சட்ட ஆதாரம் இல்லை என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கைத் தொடுத்தது கொராசோனின் மகன் மூன்றாம் பெனிக்னோ அகினோவின் அரசு. வென்ற தீர்ப்பை டுடெர்டே ஓரமாக வைத்தார். இன்றைய மார்கோஸ் அதைத் திரும்பக் கையில் எடுத்திருக்கிறார். அவர் குடும்பத்தை இவ்வளவு விமர்சித்தாலும் இந்த விஷயத்தில் அவர் செய்வது சரி.

2025-இல் வெடித்த வெள்ளத் தடுப்பு ஊழல் என்றால் என்ன?

ஆண்டுக்கு இருபது புயல் வருகிற நாடு அது. 2013 நவம்பரில் வந்த ஹையான் புயலில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்படிப்பட்ட நாட்டில் வெள்ளச் சுவர் என்பது உயிர் காக்கும் சுவர்.

2025 ஜூலையில் பெருமழையில் ஊர்கள் மூழ்கியபின் அதிபர் மார்கோஸ் காங்கிரசில் நின்று, திட்டப் பணத்தைத் திருடியவர்களைப் பார்த்து வெட்கப்படுங்கள் என்றார். ஆகஸ்டில் கணக்கு வெளியானது. 2022 ஜூலையிலிருந்து வெள்ளத் தடுப்புக்கு 54,500 கோடி பெசோ. அதில் ஐந்தில் ஒரு பங்கு, சுமார் 10,000 கோடி, 15 ஒப்பந்தக்காரர்களுக்கே போயிருந்தது. புலகான் மாகாணத்தின் பலிவாக் நகரில் 5.5 கோடி பெசோ முழுதும் கொடுத்து முடித்த 220 மீட்டர் ஆற்றுச் சுவர் ஒன்றைப் பார்க்க அதிபரே போனார். சுவரே இல்லை. அந்தச் சுவர் இருப்பதாக நம்பித் தூங்கிய மக்கள் அங்கே இருக்கிறார்கள். இந்த ஊழலால் 2023 முதல் 2025 வரை நாட்டின் பொருளாதாரம் 11,850 கோடி பெசோ வரை இழந்திருக்கலாம் என்று நிதியமைச்சர் செனட்டில் சொன்னார்.

செப்டம்பரில் கீழ்சபைத் தலைவர் மார்ட்டின் ரோமுவல்டெஸ், அதிபரின் உறவினர், பதவி விலகினார், குற்றச்சாட்டை மறுக்கிறார். செப்டம்பர் 21 அன்று, ராணுவச் சட்டத்தின் நினைவு நாளில், மணிலாவில் பல்லாயிரம் பேர் தெருவுக்கு வந்தார்கள். அவர்களில் பலர் எட்சா நடந்தபோது பிறந்திருக்கவே இல்லை.

அதிபரே அம்பலப்படுத்தினார் என்று பாராட்டலாமா? வெளியிட்டதற்குப் பாராட்டு. ஆனால் மூன்று ஆண்டுகள் அந்த வரவுசெலவுத் திட்டங்களில் கையெழுத்திட்டதும் அவர்தான். இதற்கு முந்தைய அனுபவமும் நினைவில் இருக்க வேண்டும். 2013-இல் போலித் தொண்டு நிறுவனங்கள் வழியாக 1,000 கோடி பெசோ தொகுதி நிதி மோசடி வெளிவந்தது. அந்த நிதி முறையையே உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மூன்று செனட்டர்கள் கைதானார்கள். காலப்போக்கில் மூவரும் பெருங்கொள்ளைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டார்கள், இருவர் செனட்டுக்கே திரும்பினார்கள். தொகுதி நிதி ஒழிந்தது. அந்தப் பணம் போகும் வழி, கட்டுமானத் திட்டங்களுக்குள் புகுந்துகொண்டது.

வெளிநாட்டிலிருந்து வரும் பணம் நாட்டுக்கு நல்லதுதானே?

2024-இல் வங்கிகள் வழியாக வந்தது 3,400 கோடி டாலருக்கு மேல், பொருளாதாரத்தில் ஏறக்குறைய பதின்மூன்றில் ஒரு பங்கு. அந்தப் பணம் இல்லையென்றால் நாடு தாங்காது. வெளிநாட்டு வேலையை அரசுக் கொள்கையாக்கியது பெரிய மார்கோஸின் 1974 தொழிலாளர் சட்டம். தற்காலிக ஏற்பாடு என்றுதான் தொடங்கியது, அரை நூற்றாண்டு ஆகிவிட்டது.

அரசு அவர்களை நவீன வீரர்கள் என்று புகழ்கிறது. அம்மா ரியாத்தில் யாரோ பிள்ளையைத் தூக்கி வளர்க்க, அவள் பிள்ளை பாட்டியிடம் வளர்கிறது. ஊரில் கௌரவமான சம்பளம் இருந்தால் எத்தனை பேர் போவார்கள்? குடும்பங்களின் கோபம் தெருவுக்கு வராமல் இருக்கவும் இந்தப் பணம் உதவுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அரசு செய்யவேண்டிய பள்ளி, மருத்துவம், வீடு எல்லாவற்றையும் துபாயில் இருக்கும் அக்கா செய்துவிடுகிறாள்.

உலக நெல் ஆராய்ச்சி நிலையம் அங்கேதானே இருக்கிறது, ஏன் அரிசி இறக்குமதி செய்கிறார்கள்?

லாஸ் பானோஸில் 1960-இல் தொடங்கிய நிலையம். ஐ.ஆர்.8 அங்கிருந்துதான் வந்தது. நம் எம்.எஸ். சுவாமிநாதன் 1982 முதல் 1988 வரை அதன் தலைமை இயக்குநர். ஆசியாவுக்கே சோறு போட்ட விதைகளை உருவாக்கிய அந்த நாடு, அண்மை ஆண்டுகளில் உலகிலேயே அதிக அரிசி வாங்கும் நாடு.

தீவு நாடு, வியட்நாம் போல் பெரிய ஆற்றுப் படுகைகள் இல்லை, புயல் அதிகம் என்பதெல்லாம் உண்மைதான். ஆனாலும் விதை மட்டும் விளையாது. வாய்க்கால், சாலை, களஞ்சியம், கடன் வேண்டும். அதைக் கட்ட வேண்டிய பணம் எங்கே போகிறது என்பதை மேலே பார்த்தோம். கிலோ 20 பெசோவுக்கு அரிசி என்பது இன்றைய அதிபரின் தேர்தல் வாக்குறுதி. 2025 மே மாதம், அவர் பதவிக்காலத்தின் நடுவே வந்த தேர்தல் சமயத்தில், சில இடங்களில் மானியத்தில் விற்கத் தொடங்கினார்கள்.

நாடாளுமன்ற முறைக்கு மாறினால் எல்லாம் சரியாகிவிடுமா?

ஆகாது. இன்றைய முறையில் குறை உண்டு. இரண்டாம் சுற்று இல்லாததால் 1992-இல் ஃபிடல் ராமோஸ் 24 சதவீதத்துக்கும் குறைவான ஓட்டில் அதிபரானார். கட்சிகளுக்குக் கொள்கையும் இல்லை. புது அதிபர் வந்த சில வாரங்களில் கீழ்சபையே அவர் கட்சிக்குத் தாவிவிடும். ஆனால் அதே குடும்பங்கள் உட்காரும் சபைக்குப் பிரதமரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தையும் கொடுத்தால் மக்கள் கையில் மிச்சமிருக்கும் ஒரே நேரடி ஓட்டும் போய்விடும். முதலில் வாரிசுத் தடை, பிறகு மற்றது.

நம்பிக்கை தரும் இடம் எதுவுமே இல்லையா?

இருக்கிறது. நாகா நகரத்தில் ஜெஸ்ஸி ரொப்ரெடோ 1988 முதல் மேயராக இருந்து மக்கள் அமைப்புகளை நிர்வாகத்துக்குள் கொண்டுவந்தார். 2000-இல் மகசேசே விருது பெற்றார். 2012-இல் விமான விபத்தில் இறந்தார். அவர் மனைவி லெனி 2025-இல் அதே நகரத்தின் மேயர். பாசிக் நகரத்தில் 2019-இல் விக்கோ சோட்டோ என்ற இளைஞர், 27 வருடமாக ஆண்ட ஒரு குடும்பத்தைத் தோற்கடித்தார். அரசு ஆவணங்களை மக்கள் கேட்டுப் பெறும் விதியைக் கொண்டுவந்தார். 2025-இல் பெரும் பணத்தோடு எதிர்த்து நின்ற ஒரு ஒப்பந்த நிறுவனக் குடும்பத்தாரைப் பெரும் வித்தியாசத்தில் வென்றார். சில மாதத்தில் அதே நிறுவனத்தின் பெயர் வெள்ளத் தடுப்பு விசாரணையில் முன்னுக்கு வந்தது.

விக்கோ புகழ்பெற்ற நடிகரின் மகன், செனட்டர் ஒருவரின் தம்பி மகன். லெனி கணவரின் ஊரில் மேயர். ஆகவே இவர்களும் வாரிசுகள்தானே என்று கேட்டால், ஆமாம். நல்லவர்களையும் பாதிக்கும் என்று தெரிந்தே நான் தடையைக் கேட்கிறேன். பெயர் தெரியாத ஒரு ஆசிரியையோ மீனவரோ அவர்கள் இடத்துக்கு வர வழி வேண்டும்.

வாரிசுத் தடைச் சட்டம் இப்போதாவது வருமா?

2025 டிசம்பரில் அதிபரே அதற்கு முன்னுரிமை கொடுக்கும்படி காங்கிரசைக் கேட்டார். அவர் மகன் சாண்ட்ரோவும் கீழ்சபைத் தலைவரும் ஒரு மசோதா தாக்கல் செய்தார்கள். தெருவில் கூடிய மக்களின் அழுத்தம் இல்லாமல் இது நடந்திருக்காது.

எந்த மசோதா வந்தாலும் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, உறவு எதுவரை: உடன்பிறப்பு, பிள்ளைகளோடு நின்றுவிடுகிறதா, சித்தப்பா மகன், மருமகள் வரை போகிறதா? இரண்டாவதுதான் மிக முக்கியம்: ஒரே நேரத்தில் பதவி வகிப்பதை மட்டும் தடுக்கிறதா, ஒருவர் இறங்கியதும் மனைவியோ மகனோ அதே நாற்காலியில் ஏறுவதையும் தடுக்கிறதா? ஏறுவதைத் தடுக்காவிட்டால் நாற்காலிகள் வீட்டுக்குள்ளேயே முறைவைத்துச் சுற்றும், மேலே சொன்ன பதவிக்கால வரம்புக்கு நடந்தது திரும்ப நடக்கும். மூன்றாவது, நலிந்த பிரிவினருக்காக என்று தொடங்கிக் குடும்பங்கள் நுழைந்துவிட்ட கட்சிப் பட்டியல் இடங்களுக்கும் அது பொருந்துகிறதா என்பது. கூடவே, நடைமுறைக்கு வரும் தேதியையும் பாருங்கள். அடுத்த அதிபர் தேர்தல் 2028 மே மாதம். அதற்குப் பிந்தைய தேதி போட்டிருந்தால், இன்று பதவியில் இருக்கும் எல்லாருக்கும் இன்னொரு முறை குடும்பத்தோடு நிற்க அனுமதி கொடுத்தாயிற்று என்று பொருள்.